டிஸ்க்குக்கு அடியில் ஒரு குரல்

அண்ணி பலகையைத் திருப்பிக் காட்டினாள். குழந்தைகள் எழுதி எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை. ஓரத்தில் ஒரு மஞ்சள் வாத்து. அறுவை சிகிச்சை முடிந்த இந்த ஐந்து வாரமாக அண்ணிக்கு வாய் அதுதான்.

'நாலு மணிக்குக் கருவிக்காரர் வர்றார். என் குரலை எடுத்துட்டு வந்துடுவ இல்ல?'

"எடுத்துட்டு வந்துடுறேன் அண்ணி," என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, ஏற்கெனவே மூடியிருந்த பையின் ஜிப்பை இன்னொரு முறை திறந்து மூடினாள் நாத்தனார். அண்ணியின் குரல் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டரைத் திறக்க பாஸ்வேர்ட் கேட்டாள். இருபது வயது நாத்தனாரோ, வெளியே சொல்லிவிட்டால் அது பாஸ்வேர்டே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அன்று அண்ணி வைத்த பெயர். பத்தொன்பது வருடத்தில் அது வசவாக இருந்து, கேலியாகி, கடைசியில் கொஞ்சலாகிவிட்டது. பூட்டு இப்போது பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருகிற ஒரு சின்ன நிலையத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. ஒன்று தொலைந்தால் கண்டுபிடித்துத் தருவதற்குத்தான் அவளுக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயாலேயே வண்டியை ஓட்டிவிடுவாள். கை நடுங்குகிறவர்களிடம், "பதறாதீங்க, வண்டி நம்ம பேச்சைக் கேக்கும்," என்பாள்; வண்டி கேட்கும். வீட்டில் அண்ணன் பேசாத பேச்சையும் அவளே சேர்த்துப் பேசினாள். அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நாளெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று நின்று, கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவான்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது. இப்போதெல்லாம் ஒரு கருவி வருகிறது, எழுதினால் அது பேசும் என்று ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் சொன்னார். முன்கூட்டியே போதுமான அளவு பேசிப் பதிவு செய்து வைத்தால் நம் குரலிலேயே பேசும், இல்லாவிட்டால் கம்பெனிக் குரல்தான். அண்ணி அந்தக் கம்பெனிக் குரலைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. இந்தக் குரல்ல உங்க அண்ணனை எப்படித் திட்டுறது? மனுஷன் எழுந்து நின்னு கேப்பாரு."

ஆகவே நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் மூன்று காலை, அண்ணி பேசினாள். கம்பெனிக்காரர்கள் ஆயிரத்து இருநூறு வாக்கியம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். 'எனக்கு ஒரு குவளை நீர் தேவைப்படுகிறது' என்று ஒன்று. இப்படிக் கேட்டால் யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று அண்ணி மைக்குக்கு முன்னால் கையை விரித்தாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூன்றாம் நாள், பட்டியலில் இல்லாத ஒன்றைத் தானாகச் சேர்த்துக்கொண்டாள். "ஏங்க." பன்னிரண்டு விதமாகச் சொன்னாள். சமையலறையிலிருந்து கூப்பிடும் ஏங்க, கோபத்தில் ஒடிகிற ஏங்க, வாசல் தாண்டிப் போனவரை மறந்த பையோடு நிறுத்தும் ஏங்க, உடம்புக்கு முடியாதபோது பாதியில் நிற்கும் ஏங்க. கடைசியாக, ஒரு காரணமும் இல்லாமல், ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்கிற ஏங்க ஒன்று. என்ன என்று அண்ணன் கேட்டால், ஒன்றுமில்லை, சும்மாதான் என்று பதில் வரும்.

இது லிஸ்ட்டிலேயே இல்லையே என்று பதிவு செய்தவர் கேட்டதற்கு, லிஸ்ட் போட்டவர் கல்யாணம் ஆகாதவராக இருப்பார் என்று அண்ணி முடித்துவிட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி, மருந்து, காத்திருப்பு என்று ஓடிவிட்டது. நான்கு நாள் முன்புதான், கருவிக்காரருக்குக் கொடுக்கலாமென்று பூட்டு அந்தப் பதிவுகளைத் தேடினாள். நிலையத்தில் பதிவானவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான்கு வருடம் முன்பு வாசித்து நிறுத்திய ஒருவரின் இருமல்கூட இருந்தது. அண்ணி மட்டும் இல்லை.

*

ஒலிப்பதிவு அறையின் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன டிஸ்க் உண்டு. அதில் கம்ப்யூட்டரின் சொந்தச் சாமான்கள் மட்டும். குரல்களெல்லாம் வெளியே டிபன் பாக்ஸ் அளவில், உள்ளே ஒரு குட்டி விசிறியோடு இருக்கும் பெரிய டிஸ்க்கில் சேரும். சின்ன டிஸ்க்கில் 'குரல்' என்ற பெயரில் வெறும் ஃபோல்டர் ஒன்றை வைத்திருந்தாள் பூட்டு. காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது பெரிய டிஸ்க்கைக் கொண்டுவந்து அந்த ஃபோல்டரில் மாட்டிவிடும். அதற்கப்புறம் 'குரல்' என்றால் பெரிய டிஸ்க்தான். புத்தகத்தில் இதற்கு மவுண்ட் என்று பெயர். நிலையத்தில் எல்லோரும் மாட்டுவது, கழற்றுவது என்றே சொல்வார்கள்.

யாரோ தெரியாமல் அழித்திருக்க வேண்டும் என்று நினைத்து, அழிந்ததை மீட்கிற புரோகிராமைப் பெரிய டிஸ்க் முழுக்க மூன்று நாள் ஓடவிட்டாள். வரலாற்றுப் பாடம் ஒன்றின் பாதி கிடைத்தது. யாரோ தொண்டையைச் செருமி, மன்னிக்கணும், மறுபடி படிக்கிறேன் என்று சொன்னது கிடைத்தது. மாலைதோறும் எடுக்கும் நகலிலும் அண்ணி இல்லை. அந்த மூன்று காலையும், வாய் ஓயாத அந்தப் பேச்சும் நடக்கவே நடக்காதது போல இருந்தது டிஸ்க்.

இந்த நேரம் பார்த்து வேறொரு தலைவலி. இரண்டு வாரமாகச் சின்ன டிஸ்க் நிரம்பிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எச்சரித்துக்கொண்டே இருந்தது. பதிவின் நடுவே திக்கித் திணறி நின்றது. இன்று மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சின்ன டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடலாம் என்று போன வாரமே மேலாளர் சொல்லியிருந்தார். பூட்டும் தலையாட்டியிருந்தாள். அதில் இருப்பவை திரும்ப ஏற்றிக்கொள்ளக் கூடியவைதானே.

பன்னிரண்டரைக்கு அவள் ஒலிப்பதிவு அறைக்குள் வந்தபோது, ஒலிக்காரர் சுவரோரம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்ஃபோன். அண்ணியைப் பதிவு செய்தது அவர்தான். பதிவுகளைக் காணோம் என்று அவள் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

எதை அழிப்பதானாலும் எண்ணிப் பார்த்துவிட்டு அழிப்பது அவள் வழக்கம். எவ்வளவு நிரம்பியிருக்கிறாய் என்று சின்ன டிஸ்க்கைக் கேட்டாள். ஐம்பத்தேழு ஜிபி என்றது. பிறகு பெரிய டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, சின்னதில் கண்ணுக்குத் தெரிகிற ஃபோல்டர் ஒவ்வொன்றையும் கூட்டச் சொன்னாள். நாற்பத்தெட்டு வந்தது. மறுபடி கூட்டினாள். மறுபடியும் நாற்பத்தெட்டு.

ஒன்பது ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டு எதுவோ இருக்கிறது. ஆனால் எந்த ஃபோல்டரிலும் அது இல்லை.

அழித்த ஒரு ஃபைலை ஏதாவது புரோகிராம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படி வரும். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். அப்போதும் ஒன்பது அப்படியே நின்றது. இரண்டு மணிக்கு எப்படியும் அழியப்போகிறது, நமக்கென்ன என்று விட்டிருக்கலாம். கணக்கு உதைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒரு மணி நேரம் பதிவு பண்ணினா எவ்வளவு இடம் எடுக்கும்?" என்று கேட்டாள். மனதில் ஒன்றும் இல்லாமல்தான் கேட்டாள்.

ஏறக்குறைய ஒரு ஜிபி என்றார் ஒலிக்காரர்.

"எங்க அண்ணி எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"தினம் காலையில மூணு மணி நேரம். மூணு நாள்." அவர் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், சுருட்டிய ஒயரைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு நாளாகக் காணவில்லை என்பதை, நான்கு மணிக்குக் கருவிக்காரர் வருவதை. அவர் திகைத்துப்போனார். அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அல்லவா அவர் நினைத்திருந்தார். அந்த மூன்று நாளில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"டப்பாவை அணைச்சேன் மேடம்."

"எந்த டப்பா?"

"அதான், பெரிய டிஸ்க்கு. விசிறி முணுமுணுன்னுது. உங்க அண்ணிக்கு அது காதுல விழுந்துடுச்சு. 'என் குரலோட காலம் முழுக்க இந்த டப்பாவும் கூடவே முணுமுணுக்கணுமா'ன்னாங்க. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. காலையில கம்ப்யூட்டரை அணைச்சு, டப்பா ஒயரைப் பிடுங்கிட்டு, திரும்பப் போட்டேன். மதியம் மறுபடி சொருகி, இன்னொரு தடவை அணைச்சுப் போட்டேன். மூணு நாளும் அப்படித்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். 'அவகிட்ட சொல்லாதீங்க, என்னை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிடுவா'ன்னு அவங்கதான்..."

பூட்டு நாற்காலியில் சாய்ந்தாள். டிஸ்க் இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே கூடாது. முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. போன வருடம் ஒருநாள், பெரிய டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று கம்ப்யூட்டர் எழ மறுத்தது. புத்தகம் வாசித்துப் பதிய இரண்டு பஸ் மாறி வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல், எதை எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதி வைக்கிற பட்டியலில் அவள் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். டிஸ்க் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்திரு என்று அதற்கு அர்த்தம். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு, மூன்று காலையும் டிஸ்க் இல்லாமலே எழுந்திருக்கிறது. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்ப, டிஸ்க்கே இல்லாம அவங்க பேசினது எங்க போச்சு?" என்று ஒலிக்காரர் மெதுவாகக் கேட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் குரல் அது.

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். "அந்தக் காலண்டருக்குப் பின்னாடி சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? கழட்டினாத்தானே தெரியும்."

"காலண்டரைக் கழட்டியிருந்த மூணு நாள் அண்ணி வந்து சுவத்துலயே எழுதிட்டுப் போயிருக்காங்க. நாம மதியமானா எழுத்து மேலயே காலண்டரை மாட்டிட்டோம். நான் நாலு நாளா காலண்டரைத் தாள் தாளாப் புரட்டிப் பார்த்துட்டு இருக்கேன்."

'குரல்' என்ற அந்த வெறும் ஃபோல்டர் எப்போதும் சின்ன டிஸ்க்கில்தான் இருக்கிறது. மேலே பெரிய டிஸ்க் மாட்டியிராத வேளையில் அதற்குள் எதைப் போட்டாலும் சின்ன டிஸ்க்கிலேயே தங்கும். பிறகு டிஸ்க்கை மாட்டினால், அடியில் இருப்பது அழியாது, தெரியாது, அவ்வளவுதான். எந்தத் தேடலும் அதை எட்டாது. அதைத்தான் இரண்டு மணிக்கு அவள் தன் கையாலேயே துடைத்துப் போட இருந்தாள்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. டிஸ்க்கைக் கழற்றச் சொல்லித் தட்டினாள். முடியாது, உபயோகத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒலிக்காரர் தன் புரோகிராமை மூடினார். மறுபடி தட்டினாள். மறுபடியும் உபயோகத்தில் இருக்கிறது. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதையே கேட்டாள். அவளுடைய பெயரைக் காட்டியது. கம்ப்யூட்டர் திரும்ப எழுந்ததும் இன்னொரு தரம் தேடிப் பார்க்க 'குரல்' ஃபோல்டருக்குள் போனவள், வெளியே வராமலே உட்கார்ந்திருந்தாள்.

"பாய் மேல உக்காந்துக்கிட்டே பாயைச் சுருட்டுறீங்களே மேடம்," என்றார் ஒலிக்காரர்.

அவள் ஃபோல்டரை விட்டு வெளியே வந்தாள். கழற்றினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். இத்தனை வருடமும் வெறுமையாக இருக்கும் என்று அவள் நம்பியிருந்த இடத்தில், ஒரே ஒரு பெயர் இருந்தது. அண்ணி.

முதல் ஃபைலைத் தொட்டாள். டப்பா விசிறியின் சத்தமில்லாத, சுத்தமான ஓர் அமைதி, அதற்குப் பிறகு, "என்ன, ஆரம்பிக்கலாமா? பரவாயில்லையே, டப்பா வாயை மூடிடுச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு, முதலில் மூன்று இடத்தில் நகல் எடுத்தாள். நகல் சரிதானா என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டாள். ஒரு தாளில் 'தொடக் கூடாது' என்று எழுதிக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டினாள். அப்புறம்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. ஒலிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுருட்டி வைத்த ஒயரை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை. கருவிக்காரர் இன்னும் வரவில்லை. அண்ணி கூடத்தில், கழுத்தைச் சுற்றிய மெல்லிய துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பின்கட்டில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தான்.

வரும் வழியெல்லாம் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் பூட்டு நினைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்ததும் அது முடியவில்லை.

"அண்ணி, நாலு நாளா உங்க குரலைக் காணோம். உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அண்ணி பலகையை எடுத்தாள். 'தெரியும்.'

"தெரியுமா? எப்படி?"

'நாலு நாளா என்னைப் பார்த்ததும் சிரிச்ச. நீ அப்படிச் சிரிக்கிற ஆளா?' துடைத்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'போனாப் போகுதுன்னு இருந்தேன். உன்னை எப்படித் தேத்துறதுன்னுதான் தெரியல.'

 பூட்டு, குரல் கிடைத்துவிட்டது என்பதையும் எங்கே கிடைத்தது என்பதையும், சுவர், காலண்டர் என்று விரல்களால் காட்டிக்காட்டிச் சொன்னாள். தான் சேர்த்த அந்த ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. "மாட்டினதும் நான்தான், மாட்டிக்கிட்டதும் நான்தான். ஆனா டப்பாவை அணைக்கச் சொன்னது யாரோ ஒரு அம்மாவாமே? என்கிட்ட சொல்லாதீங்கன்னு வேறயாம்?"

அண்ணி பலகையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சத்தம் வராத சிரிப்பு. வாத்து மட்டும் மேலும் கீழும் ஆடியது.

கருவிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முழுக் குரலையும் தயார் செய்யப் பத்து நாள் ஆகும் என்றார். அண்ணியின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, பதிவு செய்த வாக்கியம் எதையாவது அப்படியே ஒரு பொத்தானில் வைத்து இப்போதே தர முடியும், எது வேண்டும் என்று கேட்டார். தண்ணீர், மருந்து, உதவி என்று பொதுவாகக் கேட்பார்களாம்.

அண்ணி பலகையில் எழுதி நாத்தனாரிடம் மட்டும் காட்டினாள். பூட்டு படித்துவிட்டு, பன்னிரண்டில் கடைசியாக இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கருவிக்காரர் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, இதுதானா, வேறு ஏதும் வேண்டாமா என்பது போலப் பார்த்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பூட்டு நினைத்துக்கொண்டாள்.

உள்ளங்கை அளவுக் கருவி. அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு, துப்பட்டாவின் நுனியால் ஒரு தரம் துடைத்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"ஏங்க."

பின்கட்டிலிருந்து, நினைக்கக்கூட நேரமில்லாமல், "இதோ," என்றது அண்ணனின் குரல்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொடி ஆடி நின்றதுகூடக் கேட்டது. அப்புறம் ஏதோ விழுந்தது. காலடிகள் வேகமாக வந்தன. வாசற்படியில் அவன் நின்றான், கையில் துணி மாட்டும் கிளிப் ஒன்று. முதல் கூப்பிடுதலுக்கே அவன் வந்து நின்றதைப் பூட்டு அன்றுதான் பார்த்தாள்.

"என்ன?" என்றான், வழக்கம் போல. உதடு மட்டும் வழக்கம் போல இல்லை.

அண்ணி பலகையை எடுத்தாள். 'ஒண்ணுமில்ல. சும்மாதான்.'

அவன் அதைப் படித்தான். படித்த பிறகும் நகரவில்லை. அவன் எதிரிலேயே நிற்கிறான் என்று தெரிந்தும், அண்ணி இன்னொரு முறை பொத்தானை அழுத்தினாள்.

"வந்துட்டேனே," என்றான் அண்ணன்.